பேக்கேஜ் மட்டும் பார்த்தா போதுமா?

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு. ஹாஸ்டல்ல எல்லாரும் கேட்கிற ஒரே கேள்வி, "எத்தனை லட்சம்?" ஆனா எங்க அப்பத்தா பல வருஷத்துக்கு முன்னாடி கேட்ட ஒரு கேள்விதான் இப்போ எனக்கு ஞாபகம் வருது.

எங்க ஊர் தேனி மாவட்டம் பொட்டிப்புரம். ஆமா, நியூட்ரினோ ஆய்வகத்துக்குத் தேர்வான அதே ஊர்தான். 2015-ல மத்திய அமைச்சரவை அந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தப்போ, ஊரே அதைப் பத்தித்தான் பேசிச்சு. நான் அப்போ ஸ்கூல் பையன். அப்பத்தா கேட்டுச்சு: "உள்ள ஏதும் தப்பு நடந்தா, அங்க வேலை பாக்குறவன் வெளிய சொல்லுவானா? சொன்னா அவனை வேலையில வச்சிருப்பாகளா?"

எந்த நிறுவனத்தோட பணிக்கலாச்சாரத்தையும் அளக்க இந்த ரெண்டாவது கேள்வி போதும்.

ஈர்ப்பு, தேர்வு, விலகல்

பெஞ்சமின் ஷ்னைடர் என்ற உளவியலாளர் 1987-ல ஒரு மாதிரியை முன்வைத்தார். ஒரு நிறுவனம் தனக்கு ஒத்துப்போகிற ஆட்களை ஈர்க்கும். அவங்கள்ல இருந்து தனக்குப் பொருத்தமானவங்களைத் தேர்ந்தெடுக்கும். ஒத்துப்போகாதவங்க தானா விலகிடுவாங்க. கொஞ்ச வருஷத்துல உள்ளே இருக்கிறவங்க எல்லாம் ஒரே மாதிரி ஆயிடுவாங்க. நம்ம பாஷையில சொன்னா இது ஒரு பாசிட்டிவ் ஃபீட்பேக் லூப்.

இது நல்ல பக்கமும் சுத்தும். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு வேலையில ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல மதுரையில 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்னைக்கு தேனியிலயும் அது இருக்கு. காசு கொடுக்கிறவங்களுக்கும் இலவசமா வர்றவங்களுக்கும் அதே டாக்டர்கள்தான் ஆபரேஷன் பண்றாங்க. கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, ரெண்டு வருஷம் பயிற்சி கொடுத்து வேலையில சேர்த்துக்கிறாங்க. இங்க என்ன மதிப்பு என்பது தினசரி வேலையிலயே தெரியறதால, அதை விரும்புறவங்க தேடி வர்றாங்க.

கெட்ட பக்கம் சுத்தினதுக்கு உதாரணம் ரான்பாக்ஸி மருந்து நிறுவனம். 2004-ல அங்கே ஆராய்ச்சித் தலைவரா வந்த டாக்டர் ராஜிந்தர் குமார், தரவுகளைச் சரிபார்க்கச் சொல்லி தினேஷ் தாக்கூர் என்ற பொறியாளர்கிட்ட கொடுத்தார். பல நாடுகளுக்கு அனுப்பின விண்ணப்பங்கள்ல பொய்த் தரவு இருந்தது தெரிஞ்சது. குமார் அதை இயக்குநர்கள் முன்னாடி வச்சார். பலன் இல்ல. முதல்ல அவர் விலகினார், 2005-ல தாக்கூரும் விலகினார். பிறகு தாக்கூர் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு எழுதினார். 2013-ல அந்த நிறுவனம் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டியது.

கவனிங்க: முதல்ல வெளியேறினது தப்பைக் கண்டுபிடிச்சவங்க. அப்படி ஒவ்வொருத்தரா போகப் போக, "இது தப்பு"ன்னு சொல்ல உள்ளே ஆளே இருக்காது.

நான் எழுதின ரீடிங்

போன வருஷம் ஒரு இன்டர்ன்ஷிப்ல, டெஸ்ட் பண்ணாத நாலு பீஸுக்கு ரீடிங் எழுதச் சொன்னாங்க. "எல்லாரும் இப்படித்தான் தம்பி" என்றார் சூப்பர்வைசர். எழுதிட்டேன். யாரும் என்னை மிரட்டல. அதுதான் இன்னும் உறுத்துது. அங்கேயே வேலை கிடைச்சிருந்தா, அடுத்து வர்ற தம்பிகிட்ட நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆஃபர் வாங்கும் முன்

அங்கே வேலை பார்க்கிற, விலகின சீனியர்கள்கிட்ட மூணு விஷயம் கேளுங்க:

1. கடைசியா "இது சரியில்ல"ன்னு சொன்னவர் இப்போ எங்கே இருக்கார்?
2. நல்லா வேலை பார்த்தவங்க ஏன் விலகினாங்க?
3. டெட்லைனும் தரமும் மோதினா யார் முடிவு பண்றாங்க?

கல்விக்கடன் எனக்கும் இருக்கு. எல்லாராலயும் ஆஃபரை வேண்டாம்னு சொல்ல முடியாது. ஆனா எந்த மாதிரி இடத்துக்குள்ள போறோம்னு தெரிஞ்சு போறதுக்குக் காசு செலவில்லை. அப்பத்தாவோட ரெண்டாவது கேள்வியை நான் கம்பெனிகிட்ட கேட்கலாம். முதல் கேள்விக்கு, அடுத்த தடவை நான்தான் பதில் சொல்லணும்.