முதல் மீன் கிழங்கானாக இருக்கட்டும்

பிள்ளைக்குக் கடலில் தூண்டில் போடக் கற்றுக்கொடுக்க ஆசை வந்ததும் பெரும்பாலான அப்பாக்கள் முதலில் போவது கடைக்கு. ஆறடி ராடு, ரீல், மினுமினுக்கிற பிளாஸ்டிக் மீன்கள், அதையெல்லாம் வைக்க ஒரு பெட்டி என்று பர்ஸ் காலியாகும். ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா ராட்டைப் பிள்ளை கையில் கொடுத்து "வீசுடா" என்பார். முதல் வீச்சிலேயே நரம்பு சிக்கும். அதை எடுக்க அரை மணி. பக்கத்தில் தன் ராட்டையும் போட்டுவிட்டு, கொடுவா கடிக்குமா என்று அதன் நுனியையே பார்த்துக்கொண்டிருப்பார். எட்டு மணிக்குப் பிள்ளை "வீட்டுக்குப் போலாம்பா" என்று அழ ஆரம்பிக்கும். "இவனுக்கு இதுல இன்ட்ரஸ்ட் இல்ல" என்று தீர்ப்பும் வந்துவிடும்.

அதனால் முதல் ஆலோசனை கொஞ்சம் கசக்கும். முதல் சில தடவை உங்கள் தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். உங்கள் தூண்டிலில் மீன் இழுத்தால் உங்கள் கண் பிள்ளைமேல் இருக்காது. கரையில் அது ஆபத்து. ஐந்து வயதிலிருந்து எட்டு வயது வரை உள்ள பிள்ளைக்குப் பெரிய மீன் தேவையில்லை. கால் மணிக்கு ஒரு தடவையாவது ஏதாவது கொத்தினால் போதும். விரல் நீளமானாலும் மீன் மீன்தான்.

அலைக்கரை வேண்டாம். மெரினா, பெசன்ட் நகர் போன்ற கரைகளில் சில அடி தள்ளியே தரை சட்டென்று இறங்கிவிடும். உடைந்து திரும்பும் அலை பெரியவர்கள் காலையே வாரும். தூண்டில் வளைவுக் கற்களும் வேண்டாம். பாசி வழுக்கும், இடுக்கில் கால் மாட்டும். சின்னப் பிள்ளைக்கு ஏற்றது உப்பங்கழி. சென்னைக்குத் தெற்கே கோவளம், முட்டுக்காடு, வடக்கே பழவேற்காடு, கடலூர் மாவட்டத்தில் பரங்கிப்பேட்டை வெள்ளாற்றுக் கழிமுகம். பழவேற்காட்டில் ஒரு பகுதி பறவைகள் சரணாலயம், ஆகவே எங்கே உட்காரலாம் என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். தேவிபட்டினம், தொண்டி பக்கம் பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். பல நாள் குளம் மாதிரி கிடக்கும். தெற்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. "தீவுக்குப் போய்த் தூண்டில் போடலாம் சார்" என்று படகுக்காரர் கூப்பிட்டாலும் போகாதீர்கள். எண்ணூர், அடையாறு முகத்துவாரங்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பிடித்ததைச் சாப்பிட முடியாத தண்ணீரில் பிள்ளைக்கு எதற்குப் பாடம்?

கழியிலும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம். தண்ணீர் வற்றும்போது கழி முழுக்கத் தேங்கியது அந்தக் குறுகலான வாய் வழியாகத்தான் கடலுக்குப் பாயும். முழங்கால் தண்ணீரே பிள்ளையைத் தள்ளிவிடும். ஒரு கிலோமீட்டராவது உள்ளே வந்து, மணல் தரை மெல்லச் சரிகிற இடமாகப் பாருங்கள். சேறாக இருந்தால் செருப்பு மாட்டிக்கொள்ளும், வெறுங்காலைச் சிப்பி ஓடு கிழிக்கும். பழைய ஸ்கூல் கான்வாஸ் ஷூதான் சரி.

தண்ணீர் ஏறுகிற கடைசி இரண்டு மணி நேரம் நல்ல நேரம். ஏறும் தண்ணீரோடு மீன்களும் மேட்டு மணலுக்கு இரை தேடி வரும். ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், போன ஞாயிறு நன்றாகக் கொத்திய நேரத்தை நம்பி இந்த ஞாயிறு போனால் வற்றலில் நிற்பீர்கள். அட்டவணை போனிலேயே கிடைக்கிறது. காலை ஆறிலிருந்து எட்டரைக்குள் ஏற்றம் வரும் நாளாகத் தேர்ந்தெடுங்கள். கிழக்குக் கரைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை அருமையான காலம்: மழை ஓய்ந்திருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மறந்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்குத்தான், கரையில் நின்று போடும் கைத்தூண்டிலுக்கு இல்லை. ஆனால் அந்த மாதங்களில் சின்னப் பிள்ளைக்கு வெயிலே தடை.

கிளம்புமுன் மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் எச்சரிக்கையையும் பாருங்கள். வானம் தெளிவாக, காற்றே இல்லாத நாளிலும் எங்கோ தொலைவில் கிளம்பிய அலை கரையில் வந்து எகிறும். அதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது அப்படி ஓர் எச்சரிக்கை இருந்த நாளில்தான்.

இனி கருவி. முதல் வருடம் ராடும் வேண்டாம், ரீலும் வேண்டாம், கைத்தூண்டில் போதும். 0.40 அல்லது 0.50 மில்லிமீட்டர் தங்கூசி முப்பது மீட்டர் வாங்கி, காலித் தண்ணீர் பாட்டிலில் சுற்றிக்கொள்ளுங்கள். மெல்லிய நரம்பில் அதிகம் கொத்தும் என்பது உண்மைதான். ஆனால் அது சிக்கும், பிஞ்சு விரலையும் அறுக்கும். பின்னிய நூலான பிரெய்டு பிள்ளைகள் பக்கமே போகக் கூடாது. நரம்பின் கடைசியில் இருபது கிராம் ஈயக்குண்டு. அதற்கு ஒரு சாண் மேலே கிளையாக ஒரே ஒரு முள், 10-ஆம் நம்பர். (நம்பர் கூடக்கூட முள் சின்னதாகும், கடையில் குழம்பாதீர்கள்.) முள் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுங்கள். இரண்டொரு மீன் நழுவும், போகட்டும். பிள்ளையின் விரலில் குத்தினாலும் முள் வந்த வழியே வந்துவிடும்.

இரை என்றால் இறால்தான். முதல் நாள் இரவே உரித்து, உப்புத் தூவி ஃப்ரிஜ்ஜில் வைத்தால் சதை இறுகும், முள்ளிலிருந்து உதிராது. பிள்ளையின் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்குங்கள். மணல் தரைக் கழியில் அதிகம் வரும் கிழங்கானுக்கு வாய் சின்னது. பெரிய துண்டாகப் போட்டால் ஓரத்தைக் கடித்துக்கொண்டு போய்விடும், நீங்கள் "மீனே இல்லை" என்பீர்கள். இரை கோப்பதை மூன்றாவது தடவையிலிருந்து பிள்ளையிடமே விடலாம். கை நாறுகிறது என்று முகம் சுளித்தால் கட்டாயப்படுத்த வேண்டாம்.

வீசுவது உங்கள் வேலை. பாட்டிலின் கழுத்தைப் பிடித்து, அடிப்பாகத்தைத் தண்ணீர்ப் பக்கம் காட்டி வீசினால் நரம்பு தடையில்லாமல் உருவிக்கொண்டு போகும். பத்துப் பதினைந்து மீட்டர் போதும். ஈயம் தரை தட்டியதும் நரம்பை விறைப்பாக்கி, பிள்ளையின் ஆட்காட்டி விரல்மேல் போடுங்கள். கட்டைவிரலால் லேசாக அமுக்கிக்கொள்ளட்டும். விரலில் சுற்றிக்கொள்ள மட்டும் விடக் கூடாது. பிறகு கண்ணை மூடச் சொல்லுங்கள். நீரோட்டம் ஒரே சீராக இழுப்பது தெரியும். நண்டு வந்தால் நரம்பு மெதுவாகக் கனக்கும், அப்புறம் விடும். கிழங்கான் அப்படி வராது. டுக், டுக் என்று இரண்டு தட்டு. ஒரு நொடி சும்மா. உடனே வெடுக்கென்று ஓர் உதறல். "அப்பா, யாரோ தட்றாங்க!" என்று பிள்ளை கத்தும். "இழு" என்று மட்டும் சொல்லுங்கள்.

அந்த நேரத்தில் உங்கள் கை துறுதுறுக்கும். நரம்பைப் பிடுங்கி நீங்களே ஏற்றிவிடத் தோன்றும். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். மீன் போனால் போகட்டும். அப்பாவோ அம்மாவோ இழுத்த மீனை எந்தப் பிள்ளையும் தன் மீனாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. இழுக்கும் நரம்பைக் காலடியில் விரித்த ஈரச் சாக்கின்மேல் வளையம் வளையமாக விழ விட்டால் மணலும் ஒட்டாது, சிக்கும் விழாது.

மணல் தரைக் கழியில் கிழங்கானுக்கு அடுத்தபடி அதிகம் வருவது கீச்சான். உடம்பில் மூன்று வளைந்த கோடு, எதைப் போட்டாலும் கடிக்கிற பேராசை. பெரியவர்களுக்கு அது தொல்லை, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் கர்கர் என்று சத்தம் போடும். பிள்ளையின் காதருகே பிடித்துக் கேட்க விடுங்கள், ஆனால் நீங்கள் பிடித்துக்கொண்டு. அதன் முதுகு முள்ளும் செவுள் மூடியில் இருக்கும் முள்ளும் நன்றாகக் குத்தும்.

எந்த மீனையும் நீங்கள் பெயர் சொன்ன பிறகுதான் தொட வேண்டும் என்ற விதியை முதல் நாளே போட்டுவிடுங்கள். கிழங்கானையும் மடவையையும் ஈரக் கையால் தொடலாம். கெளுத்தியைத் தொடவே கூடாது: முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முள், மூன்றிலும் விஷம். இருங்கெளுத்தி குத்தினால் பெரியவர்களே துடித்துப்போவார்கள். ஓரா மீனின் முள்ளும் அப்படித்தான். இவை வந்தால் தூண்டில் முள்ளைக் கழற்றப் போராட வேண்டாம், நரம்பை அறுத்துவிடுங்கள். பேத்தை உப்பிக்கொண்டு பந்தாக உருள்வது பிள்ளைக்கு வேடிக்கையாக இருக்கும். பார்த்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுங்கள். அதன் விஷம் எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. தண்ணீரில் இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டே நடக்கப் பழக்குங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வு பட்டதும் விலகிப் போய்விடும்.

மீறிக் குத்திவிட்டால் சுடுதண்ணீர்தான் முதலுதவி. பொறுக்கக்கூடிய சூடு, சுமார் 45 டிகிரி. குத்துப்பட்ட கையையோ காலையோ வலி அடங்கும் வரை, அதிகபட்சம் ஒன்றரை மணி நேரம், முக்கி வைக்க வேண்டும். பிள்ளையின் தோல் சீக்கிரம் வெந்துவிடும் என்பதால் உங்கள் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே முக்குங்கள். இதற்காகவே ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் எடுத்துப் போவது நல்லது. தேவைப்படாவிட்டால் டீ போட்டுக்கொள்ளலாம். முள் ஒடிந்து உள்ளே நின்றாலோ, நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தினாலோ நேரே ஆஸ்பத்திரி.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் பேரம் கிடையாது. பிள்ளையின் எடைக்கு ஏற்றது, தொடைகளுக்கு நடுவே பட்டை வருவது. அந்தப் பட்டை இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவும். காற்றடிக்கும் கைவளையங்கள் நீச்சல்குள விளையாட்டுச் சாமான், அவ்வளவுதான். முழங்கால் தண்ணீர்தானே என்று கழற்றாதீர்கள். தொப்பியும் கண்ணாடியும் வெயிலுக்கு மட்டுமல்ல, பறக்கும் தூண்டில் முள்ளுக்கும்தான்.

கழியில் நீங்கள் விருந்தாளி. பழவேற்காட்டிலும் முட்டுக்காட்டிலும் இருளர் பெண்கள் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவியே இறால் பிடிப்பதைப் பார்க்கலாம். அவர்கள் வேலை செய்யும் வரிசையில் ஈயத்தை வீசாதீர்கள். விற்பதாக இருந்தால் இரையை அவர்களிடமே வாங்குங்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம் "அண்ணே, தண்ணி எப்படி?" என்று நீங்கள் கேட்பதைப் பிள்ளை பார்க்கட்டும். அடுத்த வாரம் அதுவே போய் "தாத்தா, இங்க என்ன கடிக்கும்?" என்று கேட்கும். அவர் காட்டும் இடம் உங்கள் செயலி காட்டுவதைவிடச் சரியாக இருக்கும்.

பிடித்த மீனை என்ன செய்வது? சாணுக்குக் குறைந்தது திரும்பப் போகும் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. சாண் உங்கள் கையில் அளக்க வேண்டியது. பிள்ளையின் சாணில் அளந்தால் எல்லாமே தேறிவிடும். திரும்ப விடுவதை வாளியில் போட்டு வேடிக்கை பார்க்கும் பழக்கம் வேண்டாம், வெயிலில் வாளித் தண்ணீர் சீக்கிரம் சூடாகி மீன் செத்துப்போகும். சாப்பிட வைத்துக்கொள்வதை உடனே கொன்று ஐஸில் போடுங்கள். அதைப் பிள்ளைக்குத் தெரியாமல் மறைக்க வேண்டியதில்லை. சில பிள்ளைகள் அழும், சில பிள்ளைகள் வயிற்றைக் கீறிக் குடலைக் காட்டச் சொல்லும். இரண்டும் சகஜம். மத்தியானம் மஞ்சளும் மிளகாயும் தடவிய நாலு கிழங்கான் வறுவலாகத் தட்டில் விழும்போது, எது யார் பிடித்தது என்று சண்டை வரும்.

பிள்ளை சலித்துப்போவதற்கு முன் கிளம்பிவிடுங்கள். நடுவில் நண்டு துரத்தப் போனால் போகட்டும், தூண்டில் காத்திருக்கும். அறுந்த நரம்புத் துண்டுகளைப் பொறுக்குவதைப் பிள்ளைக்கான வேலையாக வைத்துவிடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் கரையேறும் காலம். நீங்கள் விட்டுப்போகும் தங்கூசி அவற்றின் துடுப்பில்தான் சுற்றும். காலிச் சிப்பிகளைப் பொறுக்கலாம். கடலட்டையும் கடற்குதிரையும் வனவிலங்குச் சட்டம் காக்கும் உயிர்கள், செத்துக் கிடந்தாலும் பையில் போடக் கூடாது.

எட்டு, ஒன்பது வயதில் பிள்ளையே ராடு கேட்கும். அப்போது ஃபைபர் கிளாஸில் ஐந்தடி ராடும் 2000 சைஸ் ரீலும் வாங்கிக் கொடுங்கள். கார்பன் ராடு லேசாக இருக்கும், ஆனால் மின்சாரம் கடத்தும். கரையோரம் தாழ்வாகப் போகும் கம்பிகளை நினைத்துப் பாருங்கள். முதல் வீச்சுகள் மொட்டைமாடியில் நடக்கட்டும்: முள் இல்லாமல் ஈயம் மட்டும் கட்டி, பத்து மீட்டர் தள்ளி வைத்த வாளிக்குள் போடச் சொல்லுங்கள். வீசுமுன் பின்னால் திரும்பிப் பார்க்கும் பழக்கம் அங்கேயே வந்துவிட வேண்டும். கழியிலிருந்து வீடு திரும்பியதும் ரீலை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து நிழலில் காய வைப்பது பிள்ளையின் பொறுப்பு. ஒரு வாரம் விட்டால் போதும், உப்பு பேரிங்கைப் பிடித்துவிடும். புது ரீலுக்கு மறுபடியும் கடைக்குப் போக வேண்டியிருக்கும்.