பேரேட்டில் ஏறாத பதிவு

கெடா மாநிலத்தின் தென்கோடியில், கிரியான் ஆற்றை ஒட்டி அமைந்துள்ளது பண்டார் பாரு. ஆற்றுக்கு அக்கரையில் பேராக் மாநிலத்தின் பாரிட் புந்தார். இவ்வட்டாரத் தோட்டங்களில் இன்று ரப்பரோடு செம்பனையும் வளர்கிறது. ரப்பர் கொடிகட்டிப் பறந்த நாளில், மரம் வெட்டி முடித்த தொழிலாளர்கள் பால் வாளிகளைச் சுமந்துகொண்டு நிறுவைக் கொட்டகைக்கு வருவார்கள். கிராணி ஒவ்வொருவருடைய பாலையும் நிறுத்து, கையிலுள்ள குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். பிறகு அந்தக் கணக்கு அலுவலகத்தில் இருக்கும் பெரிய பேரேட்டில் ஏறும். மாதக் கடைசியில் சம்பளம் போடும்போது பார்க்கப்படுவது அந்தப் பேரேடுதான். "கிராணி ஐயா, என் கணக்கை ஏத்திட்டீங்களா?" என்று ஒருவர் கேட்டால், அதற்குக் கிடைக்கும் "ஏத்தியாச்சு" என்ற ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் அரிசியும் பருப்பும் அடங்கியிருந்தன. பேரேட்டில் ஏறாத பால், தரையில் கொட்டிய பாலுக்குச் சமம்.

அந்தப் பேரேட்டின் வேலையை இன்று கணினியில் செய்வது தரவுத்தளச் சேவையகம் என்னும் மென்பொருள். வங்கிக் கணக்கின் இருப்பு, மருத்துவமனையில் நோயாளியின் இரத்த வகை, தேர்வு முடிவு, பேருந்துச் சீட்டின் முன்பதிவு ஆகிய எல்லாமே ஏதோ ஒரு தரவுத்தளத்தில்தான் தங்குகின்றன. திரையில் "சேமிக்கப்பட்டது" என்று வந்தால் நாம் நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். ஆனால், அந்தச் சொல் உண்மைதானா? உலகெங்கும் பயன்பாட்டில் இருந்த ஒரு தரவுத்தளம், மிக அரிதான ஒரு சூழ்நிலையில், ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இந்தக் கேள்விக்குத் தவறான விடையைச் சொல்லிவந்தது. 2018ஆம் ஆண்டில்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது.

அந்தத் தரவுத்தளத்தின் பெயர் போஸ்ட்கிரெஸ்கியூஎல். சுருக்கமாகப் போஸ்ட்கிரெஸ் என்பார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரின் தலைமையில் 1986ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வுத் திட்டத்திலிருந்து பிறந்தது. 1996இல் இன்றைய பெயரைப் பெற்றது. இதன் சின்னம் ஒரு யானை. யானைக்கு மறதி கிடையாது என்று நம் பெரியவர்களும் சொல்வதுண்டு. நினைவில் வைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு மென்பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான விலங்கு கிடைக்காது.

போஸ்ட்கிரெஸ் ஒரு திறந்தமூல மென்பொருள். அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம், பயன்படுத்தலாம், மாற்றலாம். அதற்கெனத் தனி உரிமையாளர் நிறுவனம் எதுவும் இல்லை. பல நாடுகளைச் சேர்ந்த நிரலாளர்கள் சேர்ந்து அதைப் பராமரிக்கிறார்கள். பராமரிப்பு என்றவுடன் தூசு துடைப்பது போன்ற சிறிய வேலை என்று எண்ணிவிடக் கூடாது. ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வெளிவருகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்தாண்டுகள் பாதுகாப்பு உண்டு. ஆகவே, எந்த நேரத்திலும் ஐந்து பதிப்புகளுக்காவது வழு திருத்த வேண்டியிருக்கிறது. வழு என்பது நிரலில் உள்ள பிழை. திருத்தங்கள் பொதுவாக மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, பிப்ரவரி, மே, ஆகஸ்டு, நவம்பர் மாதங்களில் தொகுத்து வெளியிடப்படுகின்றன. ஒரு திருத்தம் ஒரு கணினியில் ஓடினால் போதாது. வெவ்வேறு இயங்குதளங்களைக் கொண்ட பல கணினிகள் புதிய நிரலை இடைவிடாமல் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. எங்கேனும் ஒன்று தடுக்கி விழுந்தால், மாற்றம் செய்தவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். புதிதாக ஒன்றைப் படைப்பவரின் பெயர் பரவுகிறது. பத்தாண்டுகளாக அதை ஓடவைப்பவரின் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்?

வழுவைத் தெரிவிப்பதும் ஒரு கலைதான். "உங்கள் மென்பொருள் வேலை செய்யவில்லை" என்று எழுதினால் யாராலும் உதவ முடியாது. எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், எந்த வரிசையில் என்னென்ன செய்யப்பட்டன, என்ன எதிர்பார்க்கப்பட்டது, என்ன நடந்தது என்பவற்றை எழுத வேண்டும். அதே பிழையை இன்னொருவர் தம் கணினியில் மீண்டும் நிகழ்த்திப் பார்க்க முடிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

இனி, 2018ஆம் ஆண்டின் சிக்கலுக்கு வருவோம். அதற்குமுன், போஸ்ட்கிரெஸ் கணக்கு எழுதும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பழைய கடைக்காரர்கள் இரண்டு ஏடுகள் வைத்திருந்தார்கள். அன்றன்றைய வரவு செலவை நடந்த வரிசையிலேயே சிட்டையில் எழுதுவார்கள். பிறகு அதைப் பிரித்து, ஆளுக்கொரு பக்கமாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். போஸ்ட்கிரெசும் அப்படியே செய்கிறது. எந்த மாற்றமானாலும் முதலில் சிட்டையில் பதிகிறது. பேரேட்டுக்கான பக்கங்களை நினைவகத்தில் திருத்தி வைத்துக்கொள்கிறது. வழக்கமாக ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை, திருத்திய பக்கங்களை எல்லாம் வட்டில் உள்ள பேரேட்டில் ஏற்றுகிறது. எல்லாம் ஏறிவிட்டது என்று உறுதியான பிறகு, அதுவரையிலான சிட்டைப் பக்கங்கள் தேவையில்லை, அவை கழிக்கப்படுகின்றன. நடுவில் மின்சாரம் நின்றுவிட்டாலும் கவலையில்லை. சிட்டையைப் பார்த்துப் பேரேட்டை மீண்டும் சரிசெய்துவிடலாம்.

ஆனால், போஸ்ட்கிரெஸ் தானே நேரடியாக வட்டில் எழுதுவதில்லை. லினக்ஸ் போன்ற இயங்குதளத்திடம் பக்கத்தைக் கொடுக்கிறது. இயங்குதளம் அதை உடனே எழுதாது. தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, வசதியான நேரத்தில் எழுதும். வேகத்துக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. "இப்போதே எழுது; எழுதி முடித்துவிட்டுச் சொல்" என்று கட்டளையிட எஃப்சிங்க் என்ற அழைப்பு உண்டு. எல்லாம் வட்டில் ஏறிவிட்டால் இயங்குதளம் "ஆயிற்று" என்று சொல்லும். வட்டு பழுதாகியிருந்தால் "முடியவில்லை" என்று சொல்லும்.

முடியவில்லை என்ற விடை வந்தபோது போஸ்ட்கிரெஸ் என்ன செய்தது? சிறிது நேரம் கழித்து மீண்டும் ஒருமுறை கேட்டது. யாருக்கும் இயல்பாகத் தோன்றக்கூடிய செயல்தான் அது. இரண்டாம் முறை "ஆயிற்று" என்று விடை வந்தால், நிம்மதியாகச் சிட்டைப் பக்கங்களைக் கழித்துவிட்டது. சிக்கல் இங்கேதான் ஒளிந்திருந்தது.

ஒரு தோட்ட அலுவலகத்தைக் கற்பனை செய்வோம். கிராணி ஒரு பையனிடம் துண்டுச் சீட்டுகளைக் கொடுத்துப் பேரேட்டில் எழுதச் சொல்கிறார். பேனா எழுதவில்லை. "எழுதிவிட்டாயா தம்பி?" என்று கேட்கிறார். "முடியவில்லை ஐயா" என்கிறான் பையன். சொன்ன கையோடு அந்தச் சீட்டுகளைக் குப்பையில் போட்டுவிடுகிறான். சற்று நேரம் கழித்துக் கிராணி மீண்டும் கேட்கிறார், "இப்போது எழுத வேண்டியது பாக்கி இருக்கிறதா?" பையன் மேசையைப் பார்க்கிறான். சீட்டு எதுவும் இல்லை. "ஒன்றும் பாக்கியில்லை ஐயா." அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால், பேரேட்டில் அந்தக் கணக்கும் இல்லை.

லினக்ஸ் இயங்குதளம் ஏறத்தாழ இப்படித்தான் நடந்துகொண்டது. எழுத முடியாத பக்கத்தை, எழுதப்பட்ட பக்கம் போலவே குறித்துக்கொண்டது. பிழையை ஒருமுறை அறிவித்தது. அடுத்த முறை கேட்டால் "ஆயிற்று" என்றது. மறுமுயற்சி என்று போஸ்ட்கிரெஸ் எண்ணியது உண்மையில் மறுமுயற்சியே இல்லை.

வட்டுப் பிழைக்குப் பிறகு ஒரு பயனரின் தரவு சிதைந்துபோனதை ஆராய்ந்தபோது, கிரெய்க் ரிங்கர் என்ற நிரலாளர் இதைக் கண்டறிந்தார். 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சக நிரலாளர்களுக்கு அதை விளக்கினார். பழுதான வட்டுக்காகக் காத்திருக்க முடியாதல்லவா? பழுதான வட்டைப் போல் நடிக்கும் ஓர் ஏற்பாட்டை மென்பொருளாலேயே உருவாக்கி, பிழையை நிகழ்த்திக் காட்டினார். முதலில் நம்பத் தயங்கியவர்களும் உண்டு. இத்தனை ஆண்டுகளாக இத்தனை பேர் படித்த நிரல் அல்லவா அது!

பழி யார்மேல்? இயங்குதளத்தின் மேல் போடுவது எளிது. ஆனால், லினக்ஸ் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது. எழுத்துப் பிழைகள் பெரும்பாலும் நேர்வது, யாரோ ஒருவர் விரலியைக் கணினியிலிருந்து பட்டென்று பிடுங்கிவிடும்போதுதான். இனி ஒருபோதும் திரும்பி வராத அந்த விரலிக்கான பக்கங்களை நினைவகத்தில் எத்தனை நாள் காத்து வைப்பது? அப்படியே குவிந்தால் நினைவகம் நிரம்பிக் கணினி நின்றுவிடும். இதற்கு மாறாக, ஃபிரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் எழுத முடியாத பக்கங்களை விடாமல் வைத்துக்கொள்கிறது. இரண்டு வழக்கங்கள் இருந்தன; இவை எந்தக் கையேட்டிலும் தெளிவாக எழுதப்படவில்லை. ஒருவர் "இதுதானே பொருள்" என்று எண்ணிக்கொள்ள, மற்றவர் வேறொன்றை எண்ணிக்கொண்டதே இந்த வழுவின் வேர். 2018 ஏப்ரலில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் லினக்ஸ் வல்லுநர்கள் கூடியபோது, போஸ்ட்கிரெஸ் நிரலாளரான ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் நேரில் சென்று தம் தரப்பின் தேவையை எடுத்துச் சொன்னார். லினக்சிலும் பிழை அறிவிக்கும் முறை மேம்பட்டது. எனினும், பயனர்கள் எல்லாரும் பழைய லினக்சை உடனே மாற்றிவிடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே, தரவுத்தளம் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டே ஆக வேண்டும்.

தீர்வு கேட்பதற்கு விந்தையாக இருக்கும். எஃப்சிங்க் ஒருமுறை தோற்றால், மறுபடி கேட்கக் கூடாது. சேவையகம் வேண்டுமென்றே தன்னை உடனே நிறுத்திக்கொள்ள வேண்டும். பிறகு எழுந்து, இன்னும் கழிக்கப்படாத சிட்டையிலிருந்து பேரேட்டைத் திரும்ப எழுத வேண்டும். ஓடிக்கொண்டே இருப்பதுதான் நல்ல சேவையகத்தின் இலக்கணம் என்று எண்ணுவோருக்கு இது அதிர்ச்சிதான். ஆனால், சில நிமிடம் கடை மூடியிருப்பதால் வாடிக்கையாளர் முணுமுணுப்பார். கணக்கே தொலைந்துபோனால் அவர் என்ன செய்வார்? ரிங்கர் எழுதிய திருத்தத்தைத் தாமஸ் மன்ரோ என்ற நிரலாளர் செப்பனிட்டுச் சேர்த்தார். 2019 பிப்ரவரி 14ஆம் நாள், அப்போது பராமரிப்பில் இருந்த ஐந்து பதிப்புகளுக்கும் அது ஒரே நேரத்தில் வெளியானது. மார்ச்சில் தெரிந்த வழுவைத் திருத்த அடுத்த பிப்ரவரிவரை ஆயிற்று. சோம்பல் இதற்குக் காரணமில்லை. அவசரத்தில் இடும் திருத்தம் இன்னொரு வழுவாக மாறும் என்ற அச்சம் தரவுத்தளக்காரர்களுக்கு எப்போதும் உண்டு. மைஎஸ்கியூஎல் போன்ற வேறு தரவுத்தளங்களும் இதே வழியைப் பின்பற்றின.

இத்துறையை ஆராய்ந்தோரில் தமிழ் மாணவர்களுக்குப் பழக்கமான ஒலியுடைய பெயர்களும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த தாணுமாலயன் சங்கரநாராயணப் பிள்ளை, விஜய் சிதம்பரம், ராம்நாதன் அழகப்பன் ஆகியோர் தம் குழுவினருடன் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணினி திடீரென்று நின்றுபோனால் தரவு தப்புமா என்று, போஸ்ட்கிரெஸ் உட்பட 11 மென்பொருள்களைச் சோதித்தார்கள். மொத்தம் 60 பலவீனங்களைக் கண்டறிந்தார்கள். அந்த மென்பொருள்களை எழுதியவர்கள் திறமையானவர்கள்தாம். ஆயினும், அடித்தளத்தில் உள்ள கோப்பமைப்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றி அவர்கள் செய்துகொண்ட ஊகங்கள் எல்லா இடத்திலும் பலிக்கவில்லை.

அதே பல்கலைக்கழகத்தில் ஆண்டனி ரெபெல்லோவும் ராம்நாதன் அழகப்பனும் மற்றவர்களும் 2020இல் எஃப்சிங்க் தோல்வியையே தனியாக எடுத்து ஆராய்ந்தார்கள். மூன்று கோப்பமைப்புகள், ஐந்து மென்பொருள்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையில் பிழையைச் சமாளிக்க முயன்றது. எதுவும் முழுமையாகப் போதவில்லை என்பது அவர்களது முடிவு. போஸ்ட்கிரெசின் புதிய திருத்தத்திலும் ஓர் ஓட்டை தெரிந்தது. சேவையகம் நின்று எழுந்து சிட்டையைப் படிக்கும்போது, வட்டில் உள்ளதைப் படிக்கிறதா, இயங்குதளத்தின் நினைவகத்தில் மிச்சமிருக்கும் படியைப் படிக்கிறதா? நினைவகப் படியைப் படித்தால், வட்டில் ஏறாத ஒன்றை ஏறியதாக நம்பிவிட வாய்ப்புண்டு. இரண்டாம் பையனும் முதல் பையனைப் போலவே நடந்துகொண்ட கதைதான்.

இயங்குதளத்தின் நினைவகத்தை இடையில் வைக்காமல், தரவுத்தளமே நேராக வட்டில் எழுதிப் படிப்பது ஒரு வழி. அதற்கு இதுவரை இயங்குதளம் செய்துவந்த வேலைகளை எல்லாம் போஸ்ட்கிரெஸ் தானே ஏற்றுக்கொள்ள வேண்டும். 2023இல் வெளிவந்த 16ஆம் பதிப்பில் அதற்கான ஒரு தெரிவு சோதனைக்காகச் சேர்க்கப்பட்டது. நிரலாளர்கள் சோதித்துப் பார்ப்பதற்கு மட்டுமே அது. அன்றாடப் பயன்பாட்டுக்கு அன்று என்று கையேட்டில் குறித்தும் வைத்தார்கள். இம்முறை எழுதாமல் விடவில்லை.