தாயின் உறக்கமும் ஓர் உரிமையே

உறக்கத்தைத் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக அல்லாஹ் திருமறையின் 78-வது அத்தியாயத்தில் எடுத்துரைக்கின்றான். கைக்குழந்தையும் நடை பழகும் பிள்ளையும் உள்ள தாய்க்கு அக்கொடை கிட்டுகின்றதா என்பதைச் சிந்திப்போம்.

பிறந்த குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. ஆகவே இரவு பகலாக 8 முதல் 12 தடவை பாலூட்ட வேண்டும். அது கண்ணயரும் வேளையில் மூத்தது விழித்து அழும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 7 மணி நேர உறக்கமேனும் தேவை. அவளுக்கோ துண்டு துண்டாகச் சில மணி நேரமே கிடைக்கிறது.

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் இது வெறும் அலுப்போடு முடிகிற காரியமன்று. பட்டாசு மருந்து உராய்ந்தாலே தீப்பற்றக் கூடியது. அதைக் கையாள்பவர் ஆணாயினும் பெண்ணாயினும் ஒரு நொடி கண்ணயர்தல் ஆகாது. ஆகவே இரவின் சுமையை ஒருவர் தலையில் மட்டும் ஏற்றுதல் முறையன்று.

“நபில் தொழ முடியவில்லையே, சுபுஹும் சில நாள் தவறுகிறதே, இது பாவமா?” எனச் சகோதரிகள் கலங்குவதுண்டு. சோர்வு வந்தால் பற்றிக்கொள்ள ஹள்ரத் ஜைனப் (ரலி) அவர்கள் பள்ளிவாசல் தூண்களுக்கிடையே கயிறு கட்டியிருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதை அவிழ்க்கச் சொல்லி, உற்சாகமுள்ளவரை தொழுது, சோர்ந்தால் அமருமாறு பணித்தார்கள் (புகாரி). எழுவதற்கு ஏற்பாடு செய்தும் தன்னை மறந்து உறங்கிவிட்டால் குற்றமில்லை; விழித்ததும் பர்ளைத் தொழுதுவிட வேண்டும். வேண்டுமென்றே விடுவதற்கு இது சாக்கன்று.

கணவன்மார்களே! குழந்தையின் அழுகுரல் கேட்டு, தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையையே சுருக்கினார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். வீட்டு வேலைகளிலும் பங்கெடுத்தார்கள் என்று ஹள்ரத் ஆயிஷா (ரலி) அறிவிக்கின்றார்கள். நாம் செய்ய வேண்டியதோ எளிது. மூத்த பிள்ளை அத்தாவின் பக்கத்தில் படுக்கட்டும். பால் குடித்த குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடச்செய்து மல்லாக்கப் படுக்க வைப்பது அவர் வேலையாகட்டும். அவரும் மருந்து வேலைக்குப் போகிறவராயின், முன்னிரவு ஒருவர், பின்னிரவு ஒருவர் என முறை வைத்துக்கொள்ளலாம். மாமியார் பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால், மருமகள் கைலூலா எனும் பகலுறக்கம் கொள்ளலாம், அது நபிவழியுமாகும். இரவெல்லாம் உறங்காதவர் மறுநாள் மருந்தில் கை வைக்காமல், பெட்டி அடுக்குவது போன்ற வேறு வேலை கேட்டுப் பெறுவது நலம். அதுவும் இல்லையெனில் ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும். உயிர் அல்லாஹ்வின் அமானிதம்.

நம் இல்லங்களில் அல்லாஹ் இரக்கத்தையும் நிம்மதியான உறக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.