கோழிக்குக் கணக்கு இருக்கு, அமுச்சிக்கு?

இந்த இதழ்ல ஒரு குட்டி பயாலஜி பாடம். இன்ஜினியரிங் பசங்களுக்கு இது எதுக்குன்னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க.

கொரோனாவுக்கு அப்புறம் பல வீடுகள்ல "இம்யூனிட்டிக்கு நல்லது"ன்னு ஜிங்க் மாத்திரை அட்டை ஒண்ணு இருக்கும். அப்பாரு கொஞ்சம் சோர்வா தெரிஞ்சா, "ரத்தம் கம்மியா இருக்கும்"னு இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்துடும். மெடிக்கலுக்குப் போய் அதை வாங்கிட்டு வர்றது பெரும்பாலும் நாமதான். ஆனா இந்த ரெண்டு உலோகமும் வயசான உடம்புல ஒரே மாதிரி வேலை செய்யறதில்லை. அந்த வித்தியாசம்தான் இந்தக் கட்டுரை.

கோழியில இருந்து ஆரம்பிப்போம்

நாமக்கல்காரங்களுக்குக் கோழித் தீவனம் புதுசு இல்ல. மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு எல்லாம் அரைச்சு, கூடவே ஜிங்க், இரும்பு, மாங்கனீசு கலந்த மினரல் மிக்ஸ்சரைக் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்னு கணக்குப் போட்டுச் சேர்ப்பாங்க. காரணம், தானியத்துலயும் சோயாவுலயும் இருக்கிற ஃபைடிக் அமிலம். அது ஜிங்கையும் இரும்பையும் பிடிச்சு வச்சுக்கும், குடல் உறிஞ்ச விடாது. அமெரிக்காவில் ஓடெல், சாவேஜ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1960-லேயே கோழிக்குஞ்சுகளை வச்சு, இந்த அமிலம் ஜிங்க் கிடைக்கிறதைக் குறைக்குதுன்னு காட்டினாங்க.

மனுஷங்களுக்கு ஜிங்க் குறைபாடு வரும்னு கண்டுபிடிச்சதுல முக்கியமானவர் பீகார்ல பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத். 1958-ல ஈரானின் ஷிராஸ் நகரத்துல அவர்கிட்ட ஒரு நோயாளி வந்தார். வயசு 21, நம்ம வயசுதான். பார்க்க 10 வயசுப் பையன் மாதிரி இருந்தார். கடுமையான ரத்தசோகை. சாப்பாடு பெரும்பாலும் ரொட்டி, கூடவே களிமண் தின்னும் பழக்கம். ரத்தசோகைக்கு இரும்புக் குறைவு காரணம்னு சொல்லலாம். ஆனா வளர்ச்சி நின்னதுக்கு அது மட்டும் பத்தாது. அங்கதான் ஜிங்க் மேல சந்தேகம் வந்துச்சு. 1961-ல ஈரான் நோயாளிகள் பத்தின கட்டுரையும், 1963-ல எகிப்து ஆய்வும் வெளிவந்தன. இப்படிப்பட்டவங்க பலர் 25 வயசுக்குள்ள ஏதாவது தொற்று வந்து இறந்தாங்கன்னும் பிரசாத் பிறகு எழுதினார். ஜிங்குக்கும் நோய் எதிர்ப்புக்கும் இருக்கிற தொடர்பு அவர் கண்ணுக்கு அங்கேயே தெரிஞ்சிருக்கு.

வயசானா ஜிங்க் ஏன் முக்கியம்?

நெஞ்செலும்புக்குப் பின்னாடி தைமஸ்னு ஒரு சுரப்பி இருக்கு. கிருமியோட சண்டை போடற டி செல்களுக்கு ட்ரெய்னிங் சென்டர் அதுதான். வயசாக ஆக அது சுருங்கிட்டே போகும். அது சுரக்கிற தைமுலின் ஹார்மோன் வேலை செய்ய ஜிங்க் கட்டாயம் வேணும். பல்லு போய், கறி சாப்பிட முடியாம, ரசஞ்சோறோட நிறுத்திக்கிற அமுச்சிக்கு ஜிங்க் எங்கிருந்து வரும்?

பிரசாத் குழு 2007-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 55 முதல் 87 வயசு வரை சுமார் 50 பேர். ஒரு குழுவுக்குத் தினம் 45 மி.கி. ஜிங்க், இன்னொரு குழுவுக்கு வெறும் டம்மி மாத்திரை, ஒரு வருஷத்துக்கு. டம்மி சாப்பிட்டவங்கள்ல 88 சதவீதம் பேருக்குத் தொற்று வந்துச்சு. ஜிங்க் சாப்பிட்டவங்கள்ல 29 சதவீதம்தான்.

உடனே மெடிக்கலுக்கு ஓடாதீங்க. 50 பேர்ங்கிறது சின்ன எண்ணிக்கை. பெரியவங்களுக்கு ஒரு நாள் உச்ச வரம்பே 40 மி.கி.தான். அளவுக்கு மேல நாள்கணக்குல சாப்பிட்டா உடம்புல தாமிரம் குறையும். தாமிரம் குறைஞ்சா ரத்தசோகையும் வரும், வெள்ளை அணுக்களும் குறையும். எதிர்ப்பு சக்திக்காக ஆரம்பிச்சது எதிர்ப்பு சக்தியையே கெடுத்துடும். ஏற்கெனவே குறைவா இருக்கிறவங்களுக்கு ஜிங்க் உதவும். போதுமா இருக்கிறவங்களுக்கு இன்னும் இன்னும்னு கொடுத்தா பலன் இல்ல.

இரும்பு வேற கதை

நமக்கு இரும்பு வேணும். பாக்டீரியாவுக்கும் வேணும். அதனால தொற்றோ வீக்கமோ வந்தா, கல்லீரல் ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோனைச் சுரந்து, இரும்பு ரத்தத்துக்கு வர்ற கேட்டைப் பூட்டிடும். திருடன் வர்றான்னு தெரிஞ்சா பீரோவைப் பூட்டற மாதிரி.

மூட்டு வாதம், கிட்னி பிரச்சனைன்னு வயசானவங்க பலருக்கு உள்ளுக்குள்ள வீக்கம் ஓடிட்டே இருக்கும். அவங்களுக்கு இரும்பு இருப்புல இருந்தாலும் ஹீமோகுளோபின் குறைவா காட்டும். அவங்களுக்கு இரும்பு மாத்திரை கொடுத்தா சரியா உறிஞ்சாது, மலச்சிக்கல்தான் மிச்சம். 2006-ல சான்சிபாரின் பெம்பா தீவுல, மலேரியா அதிகமுள்ள இடத்துல, குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்த ஆய்வுல, கடுமையான நோயும் இறப்பும் 12 சதவீதம் கூடினதா தெரிஞ்சுது. அது குழந்தைகள் பத்தின ஆய்வு. ஆனாலும் இரும்பைக் கண்ணை மூடிட்டுக் கொடுக்கக் கூடாதுன்னு அது எச்சரிக்குது.

நிஜமாவே இரும்பு குறைவா இருந்தா? கட்டாயம் கொடுக்கணும், ஏன்னா அந்தக் குறைவும் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும். கூடவே ரத்தம் எங்க போகுதுன்னும் தேடணும். அல்சர், மூலம், வலி மாத்திரையால வர்ற ரத்தக்கசிவு, சில சமயம் குடல் புற்றுநோய். மாத்திரையால ஹீமோகுளோபின் கொஞ்சம் ஏறிடுச்சுன்னு நாம நிம்மதியா இருக்கிற மாசங்கள்ல உள்ள இருக்கிற நோய் வளர்ந்துட்டே இருக்கலாம்.

வீட்டுல என்ன பண்ணலாம்?

1. ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழ இருந்தா ரத்தசோகை. அதோட நிறுத்தாம ஃபெரிட்டின், சிஆர்பி ரெண்டும் பார்க்கணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. வீக்கம் இருந்தா ஃபெரிட்டின் பொய்யா ஏறிக் காட்டும், அதைக் கண்டுபிடிக்கத்தான் சிஆர்பி.

2. அட்டையில போட்டிருக்கிறது உப்போட எடையா, ஜிங்கோட எடையான்னு பாருங்க. ஜிங்க் சல்ஃபேட் மோனோஹைட்ரேட் 100 மி.கி.ன்னா அதுல ஜிங்க் சுமார் 36 மி.கி.தான். முதல் வருஷ கெமிஸ்ட்ரி இங்க உதவும்.

3. ரெண்டு மாத்திரையையும் வெறும் வயித்துல ஒண்ணா போட்டா ஒண்ணு இன்னொண்ணைத் தடுக்கும். இரும்பு மாத்திரையை டீயோட கொடுக்காதீங்க. தைராய்டு மாத்திரைக்கும் இரும்புக்கும் 4 மணி நேரம் இடைவெளி வேணும்.

4. ஒரு முட்டையில ஜிங்க் சுமார் 0.6 மி.கி. ஐசிஎம்ஆர் கணக்குப்படி ஆண்களுக்கு ஒரு நாள் தேவை 17 மி.கி. அதனால முட்டை மட்டும் பத்தாது, கறி, பருப்பு, கடலை எல்லாம் வேணும். கொல்லிமலைச் சாமை, தினை, கேழ்வரகுலயும் சத்து இருக்கு. ஊறவச்சு, முளைகட்டி, புளிக்க வச்சா ஃபைடிக் அமிலம் குறையும். கூட நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தா இரும்பு நல்லா உறிஞ்சும்.

5. செறிவூட்டிய அரிசின்னா அதுல இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கட்டாயம் இருக்கும். ஜிங்க் கட்டாயம் இல்ல. வீட்டுச் சாப்பாட்டுக் கணக்குல இதையும் சேர்த்துக்கோங்க.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்ப அமுச்சியோட மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்க. எது டாக்டர் எழுதினது, எது நாமளா வாங்கினதுன்னு பிரிச்சு ஒரு பேப்பர்ல எழுதுங்க. அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போறப்ப அந்தப் பேப்பரையும் கையில எடுத்துட்டுப் போங்க.