25 கிலோமீற்றர் சுத்திப் போன கோச்சி

இந்தக் கிழமை எபிசோடில் பழைய மென்பொருளை எப்படி உயிரோட வைச்சிருக்கிறது என்று கதைச்சனாங்கள். கடைசியில், "நீராவி எஞ்சினும் இதே பிரச்சினைதான்" என்று ஒரு வசனம் சொன்னேன். விளக்க நேரம் காணேல்லை. அந்தப் பாடம் இங்கே எழுத்தில். ஷாஃப்ஹவுசன் பக்கம் இருக்கிறவைக்கு இது வீட்டு வாசல் கதை.

முதலில் தண்ணீர். ஷாஃப்ஹவுசனுக்குக் கொஞ்சம் கீழே ரைன் ஆறு அருவியாக விழுகிறது. படகு அதைத் தாண்டாது. மேலிருந்து வந்த சரக்கை நகரத்தில் இறக்கி, வண்டியில் ஏற்றி, அருவிக்குக் கீழே திரும்பவும் படகில் போடவேண்டும். நகரம் காசு பார்த்ததே இந்த இறக்கி ஏற்றுகிற வேலையில்தான். அதே தண்ணீர் ஆலைகளையும் சுழற்றியது. மியூலன்டால் என்ற பெயருக்கே ஆலைப் பள்ளத்தாக்கு என்றுதான் அர்த்தம். அங்கேயிருந்த ஓர் ஆலையை 1802ல் வாங்கிய யோஹான் கொன்றாட் ஃபிஷர் பிறகு அங்கே உருக்கு வார்த்தார். இன்றைய கேயோர்க் ஃபிஷர் கம்பனியின் வேர் அது. 1866ல் ஹைன்றிக் மோசர் ரைனுக்குக் குறுக்கே அணை கட்டி, அந்தச் சக்தியை இரும்புக் கயிறுகளால் கரையோரப் பட்டறைகளுக்கு இழுத்துக் கொடுத்தார். மின்சாரம் வரமுதல், சக்தியைக் கயிற்றில் அனுப்பியிருக்கிறார்கள். இதுக்கே தனி எபிசோட் ஒன்று வேணும்.

அந்த மோசரும் வேறு இருவரும் சேர்ந்து 1853ல் அருவிக்குப் பக்கத்தில், நொய்ஹவுசனில், ரயில் பெட்டி செய்யும் தொழிற்சாலை தொடங்கினார்கள். கவனியுங்கள்: வின்டர்தூரிலிருந்து ரயில் இங்கே வந்தது 1857ல். பாதை வரமுதலே பெட்டி செய்யத் தொடங்கிவிட்டார்கள்! அந்தத் தொழிற்சாலைதான் பிறகு எஸ்.ஐ.ஜி. ஆனது. 1990களில் ரயில் பிரிவை விற்றுவிட்டார்கள். இப்ப அந்தப் பெயரை நீங்கள் பால், ஜூஸ் வரும் அட்டைப் பெட்டியில்தான் காண்பீர்கள்.

1863ல் இன்னொரு ரயில் வந்தது, பாடன் நாட்டு ரயில். பாசலில் இருந்து ரைன் கரையோரம் வந்து, ஷாஃப்ஹவுசனைத் தொட்டு, கொன்ஸ்டான்ஸ் போகும் பாதை. இன்றைக்கும் எங்கட ஸ்டேசனில் சுவிஸ் ரயிலும் ஜெர்மன் ரயிலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது அதனால்தான். பாசல் போவதற்கு இந்தப் பாதைதான் கிட்ட, ஆனால் நடுவில் ஜெர்மனி. 80களில் வந்த எங்கட அப்பாவையளுக்கு அது சின்ன விசயம் இல்லை. என்ர அப்பா கையில் சரியான பத்திரம் வரும்வரைக்கும் பாசலுக்குச் சூரிச்சால் சுத்தித்தான் போவார். "ரெண்டு தரம் போர்டர் தாண்டவேணும், ஆருக்கு வேணும் வில்லங்கம்?" என்பார்.

இதே வில்லங்கம் 100 வருடத்துக்கு முதல் ஜெர்மன் ராணுவத்துக்கும் இருந்தது, மறுபக்கமாக. 1871ல் அல்சாஸ் ஜெர்மனியின் கைக்கு வந்தபிறகு, தெற்கு ஜெர்மனியில் இருந்து அங்கே படையை வேகமாக அனுப்பவேண்டும். ஆனால் பாதை ஷாஃப்ஹவுசனுக்குள்ளும் பாசலுக்குள்ளும் போகிறது. சுவிஸ் நடுநிலை நாடு; போர் வந்தால் ராணுவ ரயிலை விடாது. ஆகவே சுவிஸ் மண்ணைத் தொடாமல் சுத்திப் போகப் புதுப் பாதைகள் போட்டார்கள். அதில் ஒன்று ஷாஃப்ஹவுசனைத் தவிர்ப்பதற்காக வூட்டாக் பள்ளத்தாக்கில் 1890ல் திறந்த பாதை.

அங்கேதான் பொறியியல் தொடங்குகிறது. புளும்பெர்க்கில் இருந்து வைட்சனுக்கு நேர்கோட்டில் 10 கிலோமீற்றரும் இல்லை. ஆனால் உயர வித்தியாசம் 231 மீற்றர். நேராகப் போட்டால் 100 மீற்றருக்கு 2.4 மீற்றர் ஏற்றம். காருக்கு அது ஏற்றமே இல்லை. ரயிலுக்கு அப்படியில்லை. இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு குறைவு. சமதரையில் அது வரம், ஏற்றத்தில் அதுவே தொல்லை. 1000 தொன் ரயில் அந்த ஏற்றத்தில் ஏறும்போது, புவியீர்ப்பு மட்டுமே 24 தொன் எடைக்குச் சமமாகப் பின்னால் இழுக்கும். ஏற்றத்தை 100க்கு 1 என்று வைத்தால் அது 10 தொன் ஆகிவிடும். பீரங்கி ஏற்றின ரயிலுக்கு அந்த 100க்கு 1தான் எல்லை என்று முடிவெடுத்தார்கள். உயரம் மாறாது, அப்ப நீளத்தைத்தான் கூட்டவேண்டும். 10 கிலோமீற்றருக்குள் முடிந்திருக்கவேண்டியது 25 கிலோமீற்றர் ஆனது. மலைக்குள்ளேயே சுத்துகிற சுருள் சுரங்கம் ஒன்று, பள்ளத்தாக்கைத் தாண்டும் உயரமான இரும்புப் பாலங்கள் என்று வளைந்து வளைந்து போகும். ஊர்ச்சனம் வைத்த பெயர் பன்றிவால் பாதை. ஜெர்மனில் சவ்ஷ்வென்ஸ்லேபான்.

மலைக்கு இன்னொரு விடையும் இருக்கிறது: பல்லு. மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்குப் போகும் நீலகிரி ரயிலைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் ஏற்றம் ஏறத்தாழ 12க்கு 1. அங்கே தண்டவாளத்துக்கு நடுவில் பல்லுச் சட்டம் இருக்கிறது. எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பிடித்து ஏறும். அந்த முறையைக் கண்டுபிடித்த றோமன் அப்ட் ஒரு சுவிஸ்காரர். 1914 முதல் அங்கே போன எக்ஸ் வகுப்பு எஞ்சின்களைச் செய்தது வின்டர்தூரில் இருந்த எஸ்.எல்.எம். தொழிற்சாலை. இங்கேயிருந்து அரை மணித்தியால ரயில் தூரம்! நாலு சிலிண்டர். சமதரையில் கீழ் இரண்டு மட்டும் சில்லைச் சுழற்றும். பல்லு வந்ததும், அவை பாவித்துவிட்ட நீராவியே மேல் இரண்டுக்கும் போய்ப் பற்சக்கரத்தைச் சுழற்றும். ஒரே நீராவிக்கு இரண்டு வேலை. எனக்கு இந்த யோசனையில் ஒரு தனி விருப்பம்.

சரி, இவை எப்படித் தப்பின?

பன்றிவால் பாதைக்கு வியாபாரம் என்று பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. ஊருக்காகப் போட்ட பாதை இல்லையே. 1955ல் நடுப்பகுதியில் பயணிகள் ரயில் நின்றது. வழமையாக அத்தோடு பாலத்தைப் பழைய இரும்புக்கு விற்பார்கள். ஆனால் பனிப்போர் காலம். ராணுவத்துக்குத் தேவைப்படலாம் என்று 1960களில் பாலங்களைத் திருத்தினார்கள். 1976 தொடக்கத்தில் பாதையை மூடியபோது பாலங்கள் நல்ல நிலையில் நின்றன. அடுத்த வருடமே தொண்டர்கள் நீராவி எஞ்சினைக் கொண்டுவந்து ஓட்டத் தொடங்கினார்கள். போருக்காகக் கட்டி, போருக்காகத் திருத்திய பாதையில் இப்ப சின்னப் பிள்ளையள் ஐஸ்கிறீமோட போகினம்.

எங்கட ஊர்ப் பாதைக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1990ல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போனது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி திரும்ப வந்தபோது அது வந்தது இந்தியக் கடனில் இர்கோன் கம்பனி புதிதாகப் போட்ட பாதையில். பழைய கோச்சிப் பாதையில் மிஞ்சியிருந்தது பெரும்பாலும் அது போன தடம் மட்டும்தான். நான் இரண்டையும் ஒப்பிட்டு ஆரையும் குறை சொல்லவில்லை. ஷெல் விழுகிற இடத்தில் கூரைக்கு வைக்கத்தான் ஆட்கள் இரும்பைத் தேடுவார்கள். ஒரு இயந்திரம் பிழைப்பதற்கு அதைச் சுற்றி எவ்வளவு சமாதானம் வேணும் என்பதைத்தான் சொல்கிறேன்.

பாதை இருந்தால் போதாது, எஞ்சினும் ஓடவேணும். பெரிய நீராவி எஞ்சினை ஆளி போட்டு எழுப்ப ஏலாது. முதல் நாளே நெருப்பு மூட்டி மெதுவாகச் சூடாக்கவேண்டும். அவசரப்பட்டால் கொதிகலனின் ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் வெடிப்பு விழும். குழாய்களுக்குள் உப்புப் படியும், கழுவவேண்டும். குறிப்பிட்ட வருடங்களுக்கு ஒருமுறை கொதிகலனைத் திறந்து பரிசோதிக்கவேண்டும். அதில் தேறாவிட்டால் எஞ்சின் வெறும் காட்சிப்பொருள். உதிரிப்பாகம் செய்த கம்பனி மூடிப் பல வருடம் ஆகியிருக்கும். ஆகவே வரைபடம் வேண்டும். அதைவிட, வரைபடத்தில் எழுதாததைத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். எந்த ஆணியை எவ்வளவு இறுக்குவது, நெருப்பு எந்த நிறத்தில் இருந்தால் போதும் என்பதெல்லாம் கையால் கைக்கு வருவது. எங்கட பிள்ளையள் கனபேர் பொலிமெக்கானிக்கர் லேரே செய்யினம். உங்களுக்கு நான் சொல்வது விளங்கும்: கடைசல் இயந்திரத்தில் பழைய மாஸ்டர் காது கொடுத்துக் கேட்கிற சத்தம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இந்த இடத்தில் திருச்சி பொன்மலைப் பட்டறை எனக்கு முக்கியம். நீலகிரியின் வின்டர்தூர் எஞ்சின்கள் தேய்ந்தபோது அவற்றைக் கண்ணாடிக்குள் வைத்து முடிக்கவில்லை. அதே எக்ஸ் வகுப்பைப் பொன்மலையில் புதிதாகவே செய்தார்கள்: 2010களில் எண்ணெயில் ஓடுபவை, 2021ல் நிலக்கரியில் ஓடும் ஒன்று. வின்டர்தூரில் எஸ்.எல்.எம். இப்ப இல்லை. அது வடிவமைத்த எஞ்சினை அடிமுதல் முடிவரை செய்யத் தெரிந்த கைகள் திருச்சியில் இருக்கின்றன.

நேரில் பார்க்க விரும்பினால்: பன்றிவால் ரயில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் ஓடும்; நாளைப் பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கோ. புளும்பெர்க் ஷாஃப்ஹவுசனில் இருந்து நேர்கோட்டில் 20 கிலோமீற்றருக்குள்தான், ஆனால் அது ஜெர்மனி. ஐ.டி.யை மறக்காதேங்கோ. வீட்டில் எஃப் பத்திரத்தோட ஆரும் இருந்தால், பயண அனுமதியை முதலே விசாரியுங்கோ. எப்ஃபென்ஹோஃபன் கிராமம் வரும்போது யன்னல் பக்கம் நில்லுங்கோ. தண்டவாளம் ஊரையே வளைத்துப் போகும், நீங்கள் வந்த பாதை மேலே தெரியும்.