இரும்புச் சுரங்கத்திலிருந்து தோடந்தோட்டம் வரை: ஒரு துவிச்சக்கர வண்டிப் பாதை சொல்லும் நீர்ப்பாடம்

உயர்தரப் புவியியல் பாடத்துக்காக, ஒரு நதிச் சமவெளியைத் தெரிவு செய்து அதனூடாகச் செல்லும் பயணப் பாதை ஒன்றை விளக்குமாறு எங்கள் ஆசிரியை ஒப்படை தந்தார். வகுப்பில் அநேகர் நைல், கங்கை, மகாவலி என்று எழுதினார்கள். நான் ஸ்பெயினை எடுத்தேன். அங்கே சைக்கிளுக்கென்றே நீண்ட பாதைகள் இருக்கின்றன என்று எங்கோ வாசித்திருந்தேன், அவ்வளவுதான் காரணம். என் சைக்கிள் எனக்குப் பதின்மூன்று வயதானபோது தம்பிக்குப் போய்விட்டது. அதன் பிறகு நான் மிதித்ததெல்லாம் தேசப்படத்தில்தான்.

ஸ்பெயினில் கைவிடப்பட்ட புகையிரதப் பாதைகளின் தண்டவாளங்களை அகற்றி, நடப்பவர்களுக்கும் சைக்கிளோட்டிகளுக்குமான பாதைகளாக மாற்றும் வேலை 1993இல் ஒரு திட்டமாக ஆரம்பிக்கப்பட்டது. ‘வியா வெர்தே’ என்பது அவற்றின் பெயர். பசும்பாதை என்று சொல்லலாம். இன்று நாடு முழுவதும் அவை 3,000 கிலோமீற்றருக்கும் அதிகமாக நீள்கின்றன. அவற்றுள் மிக நீளமானவற்றில் ஒன்று ‘ஓஹோஸ் நெக்ரோஸ்’ பாதை. தெருவேல் மாகாணத்தின் மேட்டுநிலத்தில் தொடங்கி, மத்தியதரைக் கடலை நோக்கி ஏறத்தாழ 160 கிலோமீற்றர் இறங்குகிறது.

இந்தப் பாதையின் கதையே வேடிக்கையானது. ஓஹோஸ் நெக்ரோஸ் என்ற ஊரில் இரும்புத்தாதுச் சுரங்கம் இருந்தது. தாதுவைக் கடற்கரைக்குக் கொண்டுபோக ஏற்கெனவே ஒரு புகையிரதப் பாதை இருந்தும், அந்தப் பாதையை வைத்திருந்த கம்பனிக்கும் சுரங்கக் கம்பனிக்கும் கட்டணத்தில் ஒத்துவரவில்லை. ஆகவே சுரங்கக் கம்பனி அதற்குப் பக்கத்திலேயே சகுந்தோ துறைமுகம் வரை தனக்கென்று இன்னொரு பாதையைப் போட்டது. 1907இல் ஓடத் தொடங்கிய அந்தத் தாது வண்டிகள் 1972இல் நின்றன. முந்திய பாதையில் இன்றும் புகையிரதம் ஓடுகிறது. பிடிவாதத்தால் பிறந்த பாதையில் சைக்கிள்கள் ஓடுகின்றன.

புகையிரதம் செங்குத்தான மலையில் ஏறாது. அதனால் பொறியியலாளர்கள் மலையைக் குடைந்தும் பள்ளங்களுக்கு மேலே பாலம் கட்டியும் சரிவைக் குறைத்தார்கள். பராக்காஸ் என்ற ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து தாழ்நிலத்துக்கு ஏறத்தாழ 70 கிலோமீற்றர். சராசரியாக ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் ஒரு மீற்றருக்குச் சற்று அதிகமான இறக்கம். சமவுயரக் கோடுகளை எண்ணிக் கணக்கிட்டபோது எனக்கே நம்ப முடியவில்லை. அது சைக்கிளோட்டத் தெரிந்த எவரும் ஓட்டக்கூடிய பாதை.

இறங்க இறங்கப் பயிர்கள் மாறுவதுதான் இந்தப் பாதையின் அழகு. மேலே, குளிர்காலத்தில் உறைந்துபோகும் மேட்டுநிலத்தில் மழையை மட்டும் நம்பிய பார்லியும் கோதுமையும். பிறகு வாதுமை, ஒலிவ். ஹெரிக்கா, செகோர்பே ஊர்களை அடையும்போது பலாஞ்சியா என்னும் சிறிய ஆறு கூடவே வருகிறது. படிக்கட்டு வயல்களில் மரக்கறித் தோட்டங்கள் தொடங்குகின்றன. பின்னர் அல்ஹிமியா என்ற ஊர்ப் பக்கம் வந்தால் தோடை மரங்கள்தான், கடல் வரைக்கும்.

இங்கேதான் நான் தேசப்படத்தின் மேலிருந்து கையை எடுக்க முடியாமல் நின்றேன். அல்ஹிமியா என்ற பெயரை ‘ஜாமிஆ’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். அதன் பிறகு கண்ணில் பட்டதெல்லாம் அப்படியே இருந்தது. வாய்க்காலுக்கு அவர்கள் சொல்லும் சொல் ‘அசேக்கியா’, அது அஸ்-ஸாகியா. ஆற்றைத் தடுக்கும் அணைக்கட்டு ‘அசுத்’, அது அஸ்-ஸத்து. வெள்ளிக்கிழமைகளில் நாம் ஓதும் ஸூரத்துல் கஹ்பில் துல்கர்னைன் கட்டும் தடுப்புக்கு வரும் அதே சொல். தோட்டவீடு ‘அல்கெரியா’, அல்-கர்யா. நெல் ‘அர்ரோஸ்’. பெனிமக்லெத், பெனிபராய்க் போன்ற ஊர்ப் பெயர்களின் முன்னால் நிற்கும் ‘பெனி’ நம்முடைய ‘பனூ’தான். சைக்கிளின் இரு பக்கமும் தொங்கவிடும் பயணப் பைக்குக்கூட ‘அல்போர்ஹா’ என்று பெயர், அல்-குர்ஜ் என்ற சேணப்பையிலிருந்து வந்தது. மதரஸாவில் படித்த சொற்கள் ஸ்பெயினின் வயல்களில் கிடக்கும் என்று யார் நினைத்தார்கள்!

பசும்பாதை முடியும் இடத்திலிருந்து சகுந்தோ வழியாகப் புசோல் என்ற ஊருக்கு வரலாம். அங்கிருந்து வலென்சியா நகருக்கு ‘வியா சுர்ரா’ என்ற இன்னொரு பழைய புகையிரதப் பாதை, ஏறத்தாழ 15 கிலோமீற்றர். இது முழுவதும் சமதரை. இரு புறமும் துரியா ஆற்றின் நீரை உண்ணும் தோட்டச் சமவெளி. அதற்கு ‘உவெர்த்தா’ என்று பெயர். தோடை, வெங்காயம், கூனைப்பூ. அல்போராயா ஊரில் விளைவிக்கும் பயிரைக் கேட்டால் எங்கள் ஊர் விவசாயிகள் சிரிப்பார்கள். அது ஒரு கோரைக்கிழங்கு! வயலில் நாம் களையென்று பிடுங்கி எறிகின்ற கோரையின் உறவுக்காரன். அதை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, சீனி சேர்த்து ‘ஓர்ச்சாத்தா’ என்ற குளிர்பானம் செய்கிறார்கள்.

வலென்சியாவில் வருடத்துக்கு ஏறத்தாழ 450 மில்லிமீற்றர் மழைதான் பெய்கிறது. நமது உலர்வலயத்தின் மேல் எல்லை 1,750 மில்லிமீற்றர் என்று படிக்கிறோம். அப்படியானால் இந்தப் பச்சை எங்கிருந்து வந்தது? நீரைப் பங்கிடும் முறையிலிருந்து.

துரியாவில் குறுக்கே கட்டிய சிறு அணைகளிலிருந்து தாய் வாய்க்கால்கள் பிரிகின்றன. வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தில் கல்லால் ஒரு மூக்கு கட்டியிருக்கிறார்கள், வள்ளத்தின் முன்பக்கம் போல. அதற்கு ‘நாக்கு’ என்று பெயர். வரும் நீர் அதில் மோதி, நிர்ணயித்த விகிதத்தில் இரு பக்கமும் போகும். இதில் கவனிக்க வேண்டியது, பங்கு என்பது அளவல்ல, விகிதம். ஆற்றில் வெள்ளம் வந்தால் எல்லோருக்கும் கூடும், வரட்சி வந்தால் எல்லோருக்கும் குறையும். தோமஸ் கிளிக் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1970இல் வெளியிட்ட நூலில், இந்த முறை டமஸ்கஸ் நகரைச் சூழ்ந்த கூத்தா தோட்டங்களின் முறையைப் போன்றது என்று காட்டியிருக்கிறார்.

முறை இருந்தால் மீறுபவரும் இருப்பார். அதற்கு ‘தண்ணீர் நீதிமன்றம்’ இருக்கிறது. வியாழக்கிழமை தோறும் நண்பகல் 12 மணிக்கு, வலென்சியாப் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலுக்கு வெளியே எட்டுப் பேர் கறுப்பு மேலங்கியுடன் வட்டமாக உட்காருகிறார்கள். அவர்கள் சட்டம் படித்தவர்களல்லர். வாய்க்கால்காரர்கள் தெரிவு செய்த விவசாயிகள். சேவகர் ஒவ்வொரு வாய்க்காலின் பெயராகக் கூவி, குற்றம் சாட்டப்பட்டவர் உண்டா என்று கேட்பார். வழக்கு வாய்மொழியாகவே நடக்கும், அவர்களுடைய வலென்சிய மொழியில். குற்றம் சாட்டப்பட்டவருடைய வாய்க்காலின் பிரதிநிதி தீர்ப்பில் வாய் திறக்கக் கூடாது. அவர் ஆற்றின் இடது கரையார் என்றால் தீர்ப்பை வலது கரையார் முன்மொழிய வேண்டும். அன்றே தீர்ப்பு, மேன்முறையீடு இல்லை.

இந்த மன்றம் 960ஆம் ஆண்டளவில், முஸ்லிம்களின் ஆட்சியில் தொடங்கியது என்று அங்கே சொல்வார்கள். அதற்கு எழுத்து ஆதாரம் கிடையாது. ஆனால் 1238இல் நகரைக் கைப்பற்றிய அரசன் முதலாம் ஹைமே, அடுத்த வருடமே வாய்க்கால்களை நகரத்தாருக்கு வழங்கியபோது, முஸ்லிம்களின் காலத்தில் இருந்த வழக்கப்படியே நீரைப் பாவிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். ஆட்சி மாறியது, வாய்க்காலின் சட்டம் மாறவில்லை. 2009இல் யுனெஸ்கோ இந்த மன்றத்தை முர்சியா நகரிலுள்ள இதேபோன்ற மன்றத்துடன் சேர்த்து மனிதகுலத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலில் இட்டது.

நான் ஒப்படையில் எழுத இரண்டு நாள் தயங்கிய பகுதி ஒன்று உண்டு. 1609 செப்டெம்பரில், மதம் மாற்றப்பட்டிருந்த முஸ்லிம்களின் சந்ததியினரை நாட்டைவிட்டு வெளியேற்றும் கட்டளை முதலில் வலென்சியாவில்தான் பிரகடனம் செய்யப்பட்டது. அந்த இராச்சியத்தின் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கப்பலேற்றப்பட்டார்கள். நம் சைக்கிள் பாதை செல்லும் பலாஞ்சியாப் பள்ளத்தாக்கின் ஊர்களும் அதில் அடங்கும். ஆனால் அதே கட்டளையில் ஒரு விலக்கு இருந்தது. நூறு குடும்பங்களில் ஆறு குடும்பங்கள் தங்கலாம். எதற்கு? வீடுகளையும் கரும்பாலைகளையும் நெல் விளைச்சலையும் நீர்ப்பாசனத்தையும் பராமரிக்க, புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க. ஆட்கள் வேண்டாம், அவர்களுடைய வாய்க்கால் அறிவு மட்டும் வேண்டும்! அந்த விலக்கும் நெடுநாள் நிலைக்கவில்லை. ‘வாதில் அப்யழ்’ என்பதிலிருந்து வந்த ‘குவாதலாவியார்’ என்ற பெயர் மட்டும் துரியா ஆற்றின் தலைப்பகுதிக்கு இன்றும் இருக்கிறது.

இந்தச் சமவெளி சொர்க்கம் என்று எழுதிவிட முடியாது. 1957 ஒக்டோபரில் துரியா பெருகி நகரை மூழ்கடித்தது. அதன் பின் ஆற்றையே நகருக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள். பழைய ஆற்றுப்படுக்கை இன்று பூங்கா, அதில் சைக்கிள் ஓடுகிறது. 2024 ஒக்டோபர் 29இல் மறுபடியும் பெருமழை. திருப்பிவிட்ட ஆறு நகரைக் காத்தது. ஆனால் தெற்கேயுள்ள ஊர்களை, பெரும்பாலும் வரண்டே கிடக்கும் ஓடைகள் அடித்துச் சென்றன. வலென்சியா மாகாணத்தில் 200இற்கும் அதிகமானோர் இறந்தார்கள். கைபேசிகளுக்கு எச்சரிக்கை வந்தது இரவு 8 மணிக்குப் பின்னர்தான், அப்போது பல ஊர்களில் வெள்ளம் வீட்டுக்குள் வந்துவிட்டது. தண்ணீர் இல்லாதபோது பங்கிடக் கற்ற ஊர், தண்ணீர் அதிகமானபோது தடுமாறியது.

ஒப்படையை முடித்து வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் வயல் வாய்க்காலின் கடைசிக் கண்டம். போன சிறுபோகத்தில், பயிர் குடலைப் பருவத்தில் நிற்கும்போது மேலேயுள்ள ஒருவர் இரவில் வக்கடையை அகலமாக வெட்டிவிட்டார். நான்கு நாள் எங்களுக்குத் தண்ணீர் வரவில்லை. யார் வெட்டியது என்று வாப்பாவுக்குத் தெரியும். சொல்லப் போன இடத்தில் கடிதம் தரச் சொன்னார்கள். கடிதத்துக்குப் பதில் வந்தபோது வெள்ளாமை வெட்டி முடிந்திருந்தது. பாதிக்கு மேல் சப்பி. அந்த வருடம் பெருநாளைக்கு யாருக்கும் புது உடுப்பு எடுக்கவில்லை.

தண்ணீர் நீதிமன்றத்தைப் பற்றி வாசித்தபோது வாப்பா குறுக்கே கேட்டார்: “மகள், வியாழக்கிழம வரைக்கும் பயிர் தாங்குமா?”

நல்ல கேள்வி. அதனால்தான் அங்கே ஒவ்வொரு வாய்க்காலுக்கும் காவலர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னேன். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒப்படையின் கடைசிப் பக்கத்தில், ஒப்பிடுவதற்காக எங்கள் வாய்க்காலையும் நான் கீறியிருந்தேன். அதை எடுத்து விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தார்.

“இது புழ. நம்மட வாய்க்கால் இந்த இடத்தில வளையுது. இதுல ஒரு மதகு இருக்கு, நீ கீறல்ல.”

“நான் அங்க போய் எத்தின வருசம் வாப்பா?”

அடுத்த வெள்ளிக்கிழமை ஸுபஹ் தொழுத பிறகு வாப்பா முன்னால் போனார். நான் தம்பியின் சைக்கிளில் பின்னால் போனேன், அளவுநாடாவும் கொப்பியும் கூடையில். சங்கிலிக்கு எண்ணெய் விட்டவர் உம்மா.