முட்டை ஓட்டுக் கணக்கு

பண்ணையில் முட்டை உடைந்தால் பொறுக்குகிற ஆளைத்தான் திட்டுகிறோம். தீவனத்தை யார் பார்க்கிறோம்?

ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் உண்டு. கோழி தினம் தின்பது ஏறக்குறைய 110 கிராம் தீவனம். அதில் 4 சதவீதம் கால்சியம் இருந்தாலும் பாதியளவுதான் உடம்பில் சேரும். அப்புறம் மிச்சம் ஏது?

ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும், பெரும்பகுதி ராத்திரியில். அப்போது கோழி தின்னாது. பற்றாக்குறைக்குத் தன் எலும்பையே கரைத்துக் கொடுக்கும். நாளாக ஆக ஓடு மெலியும். கோழியும் கால் துவண்டு படுத்துவிடும்.

அதனால்தான் எங்கள் வீட்டில் சாயங்காலத் தீவனத்தோடு கிளிஞ்சல் நொறுக்கு போடுகிறோம். சுண்ணாம்புத் தூள் சீக்கிரம் போய்விடும். நொறுக்கு அரைவைப்பையில் தங்கி இரவெல்லாம் கொஞ்சங் கொஞ்சமாகக் கரையும்.

எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் சேர்ந்ததுதான் தீவனக் கணக்கு!